வேப் கடைப் புஷ்பலீலாவின் நிழல்

தார்ச்சாலை உருகிச் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு வெயில்காலத்தில், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வழியில் இருக்கும் எங்கள் குடியிருப்பான தாமான் செம்பாக்காவில், வேப் என்கிற மின்சிகரெட் பிடிக்கும் அத்தனை பேருடைய சட்டைப் பையும் ஒழுகியது. வேப்புக்குள் ஊற்றும் திரவத்தை நாங்கள் ஜூஸ் என்றுதான் சொல்வோம். குளிர்ந்த நாளில் தேன்போலக் கெட்டியாக இருக்கும் அந்த ஜூஸ் வெயிலில் தண்ணீராக இளகி, உள்ளே அடைபட்ட காற்றும் சூட்டில் உப்பி அதை நெட்டித் தள்ள, பஞ்சைத் தாண்டி, வாய்ப்பக்கமாகவும் அடிப்பக்கமாகவும் வழிந்து, மாம்பழமும் தர்ப்பூசணியும் புதினாவுமாகச் சட்டையில் கறை போட்டது. லோரி ஓட்டுகிறவர்கள் மேல் எறும்பு ஊர்ந்தது. கோயிலில் கற்பூரத்தட்டுக்குக் காத்து நின்றால், முன்னால் நிற்பவர் மாம்பழம், பின்னால் நிற்பவர் ஸ்ட்ராபெரி என்று கண்ணை மூடிக்கொண்டே ஆளைச் சொல்லிவிடலாம்.

தாமானில் இருந்த ஒரே வேப் கடை குணசீலனுடையது. பலகையில் இருக்கும் பெயர் அவனுடையது, உள்ளே உட்கார்ந்திருப்பது அவனுடைய அக்காள் புஷ்பலீலா. கையுறைத் தொழிற்சாலையில் இளமையைக் கழித்துவிட்டு, தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனதும் தம்பியின் கடைக்கு வந்தவள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணப் பேச்சை எடுத்து எடுத்து அலுத்து, ஊரே ஒருவழியாக அவளை விட்டுவிட்டிருந்தது. ஒரு நாளும் அவள் வேப்பை வாயில் வைத்ததில்லை. ஆனால் அதன் காயில் என்கிற கம்பிச்சுருளையும் பஞ்சையும் கழற்றி மாட்டுவதைப் பார்த்தால் குழந்தைக்குத் தலைவாரி விடுகிறாள் என்றுதான் தோன்றும். ஒழுகிய வேப்பைத் தூக்கிக்கொண்டு நாங்கள் சண்டைக்குப் போனால், அவள் அதைத் துடைத்துக்கொண்டே ஒரே பாட்டைத்தான் பாடுவாள்.

"காடிக்குள்ள வச்சிட்டுப் போவாதீங்க. கழுத்து வரைக்கும் ஊத்தாதீங்க, கொஞ்சம் எடம் விட்டு ஊத்துங்க. படுக்கப் போடாதீங்க, நிமித்தி வைங்க. பிடிக்காத நேரத்துல காத்து ஓட்டைய மூடி வைங்க. ஒழுகவே ஒழுகாது."

"சரிக்கா, சரிக்கா" என்போம். கடையை விட்டு வெளியே வந்ததும் கழுத்து வரைக்கும் ஊற்றிக் காடியில், அதாவது காரில், கண்ணாடிக்குப் பக்கத்தில், கொதிக்கிற வெயிலில், படுக்கப் போட்டுவிட்டு தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்குத் தே ஓ ஐஸ், பால் கலக்காத ஐஸ் தேநீர், குடிக்கப் போய்விடுவோம்.

அப்படி ஒரு முற்பகலில், ஒழுகித் திரும்பி வந்த வேப்புகளை ஒரு தட்டில் அடுக்கி, வெளியே குழாயடியில் துடைக்கலாம் என்று புஷ்பலீலா கடைவாசலில் வந்து நின்றாள். எதிரே பலகாரம் விற்கும் மலாய்க்கார அத்தை, மக்சிக் ரொஹானா, சில்லறை மாற்ற வந்தாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டு இருவரும் பேசிக்கொண்டு நின்றார்கள், பேச்சுவாக்கில் மக்சிக்கின் கால் செருப்பை விட்டு நழுவிப் புஷ்பலீலாவின் நிழலில் பட்டது.

"எய், செஜூக்!" என்று மக்சிக் காலை இழுத்துக்கொண்டாள். குளிர்கிறது என்று அர்த்தம். பிறகு மெதுவாக மறுபடி வைத்துப் பார்த்தாள். அடுத்த காலையும் எடுத்து வைத்தாள். அதே நிழலுக்குள் தட்டில் கிடந்த வேப்புகளைக் குனிந்து பார்த்தால், அவற்றில் ஒன்றுகூட ஒழுகவில்லை. வாயோரம் வழிந்து நின்ற சொட்டுகள்கூடக் கெட்டிப்பட்டு, வந்த வழியே பஞ்சுக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. மக்சிக் போய்த் தேங்காய்ப்பால் பலகாரத் தட்டை எடுத்துவந்து, வேப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

இதில் நாங்கள் பெரிதாக ஆச்சரியப்பட்டோம் என்று சொன்னால் பொய். நாற்பதுக்கு மேல் சிலருக்குச் சர்க்கரை வருகிறது, சிலருக்கு மூட்டு வலிக்கிறது, புஷ்பலீலாவுக்கு நிழல் குளிர்ந்தது, அவ்வளவுதான். காரணம் கேட்டவர்களும் இரண்டு பேச்சுப் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள். எங்களுக்குக் கவலையெல்லாம் எவ்வளவு நேரம் நிற்பாள், எத்தனை மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும், யார் எங்கே வைப்பது என்பதில்தான் இருந்தது.

காலையில் அவள் நிழல் மேற்கே நீண்டு மாமாக் கடை வரைக்கும் போகும். அப்போது வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் வேப்புகளை வரிசையாக அதில் வைத்துக் குளிரவிட்டு, ரொட்டி சானாய் தின்றுவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள், அவர்கள் போனதும் மீன் விற்கிற ஆ செங் தன் பெட்டிகளை இறக்குவார், மீனுக்கு நடுவே கல்யாண மாலைகளும், மாலைகளுக்கு நடுவே சர்க்கரைக்காரர்களின் ஊசிமருந்தும், ஊசிமருந்துக்கு அருகே யாரோ ஒருத்தியின் உதட்டுச்சாயமும் இருக்கும். உச்சிவேளையில் நிழல் சுருங்கி அவள் காலடியில் ஒரு சோற்றுத் தட்டளவுக்கு வந்துவிடும். அந்தத் தட்டளவு இடத்துக்குத்தான் அடிதடி. "கொஞ்சம் கைய விரிச்சு நில்லுங்கக்கா" என்பான் ஒருத்தன். "அக்கா, முடிய அவுத்துப் போட்டா இன்னும் கொஞ்சம் எடம் கெடைக்கும்" என்பான் இன்னொருத்தன். அவளும் கையை விரித்தாள், முடியை அவிழ்த்துப் போட்டாள். உட்கார்ந்தால் நிழல் குறுகும் என்பதால் நின்றுகொண்டே இருந்தாள். நிழல் எங்கள் பக்கம் குளுகுளு என்று விழுந்தது, வெயில் முழுவதும் அவள் முதுகில் விழுந்தது. ஒரு குடை பிடிக்கலாம் என்று ஒரு மனிதனுக்கும் தோன்றவில்லை.

குணசீலன் கடையில் கூட்டம் தாங்கவில்லை. பக்கத்துத் தாமான்களிலிருந்தும் வந்தார்கள். மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர் வீரப்பெருமாள், தானே வேப் பிடிக்கிறவர் என்றாலும் அதைக் கோயில் வளாகத்துக்கு வெளியே மட்டுமே பிடிக்கிற கண்ணியமுள்ளவர், இது அம்மன் தாமானுக்குக் கொடுத்தது என்று கூட்டம் போட்டு அறிவித்தார். புஷ்பலீலாவைத் தாயே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நேற்றுவரை இந்தா புஷ்பா என்று கூப்பிட்ட வாயெல்லாம் தாயே என்றது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. கால் சுட்டதால் நன்றாகச் சிரிக்க முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் யோகநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு இறங்குகிற லோரி ஓட்டுநர்; மனைவி தவறிப் பல வருடமாகிவிட்ட, ஐம்பதை நெருங்குகிற, அதிகம் பேசாத மனிதர். மலை ஏற ஏறக் காற்று லேசாகி வேப் இன்னும் மோசமாக ஒழுகும் என்பதால், ஒரு காலத்தில் எங்கள் எல்லோரையும்விட அவர் சட்டைதான் நாறியது. இப்போது அவர் சட்டை முட்டைக்கோஸ் வாசம் மட்டுமே அடித்தது. நாங்கள் அதைக் கவனித்தோம், ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை. இறக்கமெல்லாம் முடிந்து லோரியை நிறுத்தியதும் அவர் நேராகப் புஷ்பலீலாவிடம் வருவார், நிழலில் எதையும் வைக்கமாட்டார், நிழலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து வெயிலில் அவள் பக்கத்தில் நிற்பார்.

"ஒங்க வேப் ஒழுகலையா?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள்.

"நீங்க சொன்னபடி வச்சா ஏன் ஒழுகப்போவுது?" என்றார் யோகநாதன். "எடம் விட்டு ஊத்துறேன். நிமித்தி வைக்கிறேன். மலை ஏறுறதுக்கு முன்னாடி ஓட்டைய மூடிர்றேன். ஒரு சொட்டு வந்ததில்ல."

கடைக்கு வந்த அத்தனை ஆயிரம் பேரில் தான் சொன்னதைக் காதில் வாங்கிய ஒரே மனிதர் இவர்தான் என்பது புஷ்பலீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் முகம் சிவந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டோம்.

"காலு சுடலையா?" என்று கேட்டார் அவர்.

"சுடுது" என்றாள்.

அவ்வளவு நாளில் யாரும் கேட்காத கேள்வி அது. மறுமுறை வந்தபோது தக்காளி கொண்டுவந்து கொடுத்தார், அதற்கு மறுமுறை தடித்த அடியுள்ள செருப்பு, அதற்கும் மறுமுறை வெறுங்கையோடு வந்து, லோரிச் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே சொன்னார்: "மலையில குளிருதுங்க. அங்க ஒங்க நிழலுக்கு ஒரு வேலையும் இல்ல. சும்மா ஒக்காரலாம். வர்றீங்களா?"

புஷ்பலீலா கையை விரித்தபடியே நின்றுகொண்டு, "வர்றேன்" என்றாள். அவள் காலடியில் மீன்பெட்டியை நகர்த்திக்கொண்டிருந்த ஆ செங் அதைக் கேட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் தாமான் முழுக்கத் தெரிந்துவிட்டது.

எங்களுக்கு வந்த கிலியைச் சொல்லி முடியாது. யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கள் ஊரில் அப்படியெல்லாம் பேசமாட்டோம். பழத்தட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மலையில் சளி பிடிக்கும் என்றோம், வளைவு வளைவாக ரோடு, வாந்தி வரும் என்றோம், சாமி இறங்கிய உடம்பு கல்யாணத்தைத் தாங்காது என்று சிலர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். குணசீலனும் வாயைத் திறக்கவில்லை. அக்காள் போனால் கடை படுத்துவிடும் என்ற பயம் அவனுக்கு. "தாயே, வெயில்காலம் முடியட்டும், அப்பறம் பேசிக்கலாம்" என்றார் வீரப்பெருமாள். எங்கள் ஊரில் வெயில்காலம் எப்போது முடிந்திருக்கிறது? தம்பியின் முகத்தைப் பார்த்து அவளும் மறுநாள் வந்து வெயிலில் நின்றாள். அவள் போவதும் போகாததும் இப்போது எங்கள் சட்டைப் பைகளைப் பொறுத்த விஷயமாகிவிட்டது.

ஆனால் எங்களுக்கும் மனசு உறுத்தாமலில்லை. ஏதாவது மரியாதை செய்ய வேண்டும் என்று கமிட்டி கூடியது. எங்கள் ஜனங்களுக்கு மரியாதை என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும், கொட்டகை. புற்றில் பாம்பு தெரிந்தால் கொட்டகை, வேப்பமரத்தில் பால் வடிந்தால் கொட்டகை, கல் ஒன்று கொஞ்சம் சாமி மாதிரி தெரிந்தாலும் முதலில் நாலு கம்பம் நட்டுத் தகரம் போட்டுவிட்டுத்தான் அது என்ன சாமி என்று பேசுவோம். அதனால் புஷ்பலீலா நிற்கிற இடத்தில் ஒரு கொட்டகை என்று ஏகமனதாக முடிவானது. வெயில் இல்லாமல் நிழல் எங்கிருந்து வரும் என்று அத்தனை பெரிய கமிட்டியில் ஒருவராவது கேட்டிருக்கக்கூடாதா? கேட்கவில்லை. கொட்டகை என்று சொன்னதுமே எங்களுக்கெல்லாம் குளிர்ந்துவிட்டது.

வீரப்பெருமாள் அவளிடம் வந்து அனுமதி கேட்டார். புஷ்பலீலா குனிந்து தன் காலடி நிழலைப் பார்த்தாள்.

"போடுங்கண்ணே" என்றாள். "நல்லா அகலமா போடுங்க. நாலு பக்கமும் எறக்கிப் போடுங்க."

போட்டோம். பச்சைத் தகரம், ஓரமெல்லாம் மணி, தூணுக்குத் தூண் வாழைமரம். திறந்துவைக்க எங்கள் தொகுதியின் ஒய்.பி., அதாவது சட்டமன்ற உறுப்பினர், வெள்ளைச் சட்டையில் வந்தார். மேளம் வந்தது. வெள்ளித் தாம்பாளத்தில் ஊர் வேப்புகளையெல்லாம் கழுத்து வரை நிரப்பி, பூத்தூவி, பூவிதழ்போல வட்டமாகப் படுக்கவைத்து, புஷ்பலீலாவின் காலடியில் வைத்தோம். ஒய்.பி.யும் தன் வேப்பை எடுத்து நடுவில் வைத்தார், ஆசி வாங்கியதாகப் பாவித்துத் திரும்ப எடுத்து நெஞ்சுப் பையில் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஒய்.பி. பேச ஆரம்பித்தால் சீக்கிரம் முடிக்கிறவரில்லை. புதுத் தகரம் மேலே காய்ந்து கொதித்தது, அவர் சாலை விரிவாக்கத்திலிருந்து சாக்கடைத் திட்டத்துக்கு வந்தபோது, நெஞ்சில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது, பொட்டு ரூபாய்க்காசளவானது, காசு கையகலமானது, முன்வரிசையில் ஒரு பெண் "ஐயையோ, நெஞ்சு!" என்று அலறினாள்.

நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, ஸ்ட்ராபெரி. அப்போதுதான் நாங்கள் தாம்பாளத்தைப் பார்த்தோம். எல்லா வேப்பும் ஒழுகி, ஒன்றின் ஜூஸ் மற்றொன்றோடு கலந்து, பூவெல்லாம் மிதந்துகொண்டிருந்தது, எறும்புகள் வரிசை கட்டிவிட்டன. அதன் பிறகுதான் தரையைப் பார்த்தோம். கொட்டகை முழுக்க ஒரே நிழல், சாதாரணத் தகரத்தின் சூடான நிழல். அதில் அவளுடைய நிழல் என்று தனியாக ஒன்றுமே இல்லை.

புஷ்பலீலா ஒய்.பி.க்காகப் போட்டிருந்த மெத்தை நாற்காலியை இழுத்து, அதில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். வெயில்காலம் ஆரம்பித்ததிலிருந்து அவள் எங்கள் முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல்தடவை.

"தாயே, கொஞ்சம் வெளிய வந்து நின்னா..." என்றார் வீரப்பெருமாள்.

"இல்லண்ணே. இங்க நல்லா இருக்கு."

கூட்டம் கசமுசா என்றது. கொட்டகையைப் பிரித்துவிடலாம் என்றார்கள், ஏணி எங்கே என்றார்கள், ஏணியும் வந்துவிட்டது. அப்போது குணசீலன் அக்காளின் பாதங்களைப் பார்த்தான். உள்ளங்கால் தோல் உரிந்து, வெடிப்பு வெடிப்பாக, சிவந்து கிடந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவன் அதைப் பார்த்ததே இல்லை. ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"எவனாச்சும் மேல ஏறுனா பாருங்க!" என்று கத்தினான். "ஒழுகுனா ஒழுகட்டும்! எங்கக்கா எத்தன தடவ சொல்லிச்சு, நிமித்தி வைங்க, நிமித்தி வைங்கன்னு! ஒரு சின்ன சாமான நேரா நிக்க வைக்கத் துப்பில்லாம, ஒரு பொம்பளைய நேரா நிக்க வச்சிருக்கோம். நானுந்தான்! ஒரு நாக்காலி போடல நான்!" ஊரில் எல்லோரையும் ஏமாற்றி வியாபாரம் செய்கிறவன் என்று நாங்கள் நினைத்திருந்த குணசீலன், ஏணியைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல அழுதான்.

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. நிஜமாகவே வெட்கம். ஏணி கொண்டுவந்தவர் அதைத் தூக்கிக்கொண்டு போனார். மக்சிக் ரொஹானா ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து புஷ்பலீலாவின் கால்களை அதில் எடுத்துவைத்தாள். கூட்டத்தின் ஓரத்தில் சாவியை உருட்டிக்கொண்டு நின்ற யோகநாதனை வீரப்பெருமாளே போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தார், ஏனென்றால் அவர் என்ன இருந்தாலும் தலைவர்.

கல்யாணம் அதே கொட்டகையில் நடந்தது. வாழைமரம் வாடுவதற்குள் வைத்துக்கொண்டால் இன்னொரு தடவை நடவேண்டாம் என்று கமிட்டி கணக்குப் போட்டது. ஒய்.பி. வேறு சட்டையில் வந்து, இந்த முறை சுருக்கமாகப் பேசினார். தாலி கட்டி முடிந்ததும் லோரியில் முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் அவளுடைய பெட்டியை ஏற்றினார்கள், குணசீலன் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, சரியாகக் கட்டவில்லை என்று அவிழ்த்து, மறுபடி கட்டினான்.

அவள் போன பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்றால், வேறு வழியில்லாமல் அவள் சொன்னதைச் செய்தோம். கொஞ்சம் இடம் விட்டு ஊற்றினோம். காடியில் விட்டுப் போகாமல் கையோடு எடுத்துப் போனோம். காற்று ஓட்டையை மூடினோம். மாமாக் கடை மேசைகளில், கோயில் வாசல் திட்டில், முடிவெட்டும் கடையில், எங்கே பார்த்தாலும் வேப்புகள் நிமிர்ந்து நின்றன. ஒழுகவில்லை. இவ்வளவுதானா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மக்சிக் பலகாரத்துக்கு ஐஸ் பெட்டி வாங்கினாள், ஆ செங்கிடம் ஐஸ் முன்பே இருந்தது, அவர் சும்மாதான் நிழலில் வைத்துக்கொண்டிருந்தார். குணசீலன் கடை படுக்கவில்லை. யார் வேப் வாங்கினாலும் அக்காளின் பாட்டை அப்படியே அவன் பாடினான், வாங்குகிறவர்கள் கேட்டுக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருடம் அவளைப் பார்க்க வேன் பிடித்துப் போனோம். குணசீலன், வீரப்பெருமாள், மக்சிக், நான், இன்னும் சிலர். வளைவு வளைவாக ஏறி, பாதிப்பேர் வாந்தி எடுத்து, பனி விலகாத காலையில் போய்ச் சேர்ந்தோம். தகர வீடு, பின்னால் தக்காளித் தோட்டம். புஷ்பலீலா சற்றுப் பருத்திருந்தாள். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்களை வரவேற்று, யோகநாதனை விட்டுத் தேநீர் போடச் சொன்னாள். அவர் போட்டார். அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

கிளம்பும்போது வழியனுப்ப வாசலுக்கு வந்தாள். அப்போதுதான் சூரியன் மலைக்கு மேல் வந்தது. குளிரில் வெடவெடத்துக்கொண்டு நாங்கள் படிக்குக் கீழே நின்றோம், அவள் மேல்படியில் நின்றாள், அவள் நிழல் நீண்டு எங்கள் பாதங்களின் மேல் விழுந்தது.

சூடாக இருந்தது. அடுப்படியில் கால் வைத்த மாதிரி இதமான சூடு, பாதத்தில் ஏறி முழங்கால் வரைக்கும் வந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யோகநாதன் அவள் பின்னால் கதவோரம் நின்று, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முகத்தில் இருந்த பயத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சுற்றிலும் தோட்டத்து வீடுகள், கையைத் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போகிற ஜனங்கள். வீரப்பெருமாள் வாயைத் திறந்தார். கமிட்டி கூட்டுவதற்கென்றே பிறந்த வாய் அது.

"நல்ல பனி" என்றார் வீரப்பெருமாள். "வர்றோம்மா புஷ்பா. ஒடம்ப பாத்துக்க."

வேனில் ஏறி உட்கார்ந்தோம். தாப்பா வரும் வரைக்கும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, இன்றுவரைக்கும் பேசவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன், சொன்னதோடு சரி. எந்தத் தோட்டம், எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.